தலை தெரியாத நாரை

தச்சநல்லூரில் குடியிருந்துகொண்டு பறவைப் படம் எடுக்கிறேன் என்றால், கேட்கிறவர் உடனே மேற்கே கையைக் காட்டுவார். முண்டந்துறைக்குப் போங்க, மாஞ்சோலைக்குப் போங்க என்பார். போகாமல் இல்லை. பொதிகையின் பச்சையும் பாபநாசத்துச் சாரலும் யாரைத்தான் மயக்காது? ஆனால் அங்கிருந்து கொண்டுவந்த படங்களை வீட்டில் உட்கார்ந்து பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கும். அழகெல்லாம் மலையினுடையது. நான் செய்ததெல்லாம் பொத்தானை அமுக்கியதுதான்.

நயினார்குளம் அப்படி இலவசமாக எதையும் கொடுத்துவிடாது. சுத்தமல்லி அணைக்கட்டில் பிரிந்து வரும் நெல்லைக் கால்வாயின் தண்ணீர் சேருகிற குளம் அது. பக்கத்திலேயே மொத்தக் காய்கறி மார்க்கெட். லாரி ஆரன், அழுகின முட்டைக்கோஸ் வாடை, தண்ணீரை மூடிக் கிடக்கும் அமலைச்செடி, கரையோரம் பிளாஸ்டிக் பை. காலண்டரில் போடுகிற மாதிரி ஒரு கோணம்கூடக் கிடைக்காது. ஆனால் பிசான சாகுபடிக்கு வந்த தண்ணீர் மெல்ல இறங்கத் தொடங்கும் மாசி, பங்குனியில் போய்ப் பாருங்கள். கூழைக்கடா, நாமக்கோழி, பாம்புத்தாரா, மஞ்சள்மூக்கு நாரை என்று ஒரு சந்தையே கூடியிருக்கும். மணிமுத்தாறில் இருக்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையத்தார் 2011 முதல் பொங்கலையொட்டித் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்திவருகிறார்கள். பறவை பார்க்க ஊரைவிட்டுப் போக வேண்டியதில்லை என்பது அந்தக் கணக்கெடுப்புக்கு வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே தெரியும்.

பக்கத்தில் இருப்பதைப் பார்ப்பதில் நமக்கு ஒரு முன்னோடி உண்டு. மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை; 1912இல் பிறந்தது இதே திருநெல்வேலியில். வளர்ந்ததும் வாழ்ந்ததும் சென்னையில் என்பதால் நாம் அவரை அவ்வளவாக உரிமை கொண்டாடுவதில்லை. கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950இல் ஒரு பத்தி எழுதத் தொடங்கி, 1996இல் சாகும்வரை எழுதினார். நாற்பத்தாறு வருஷம்! யானையும் காட்டெருமையும் மட்டுமா எழுதினார்? காக்கை, அணில், ஆடு, தெருநாய் எல்லாம் அவருக்கு விஷயம்தான். படம் எடுத்ததெல்லாம் கருப்பு வெள்ளையில். ஒரு கேமராவின் உடல், இன்னொன்றின் லென்ஸ், வேறெதிலிருந்தோ சில உறுப்புகள் என்று தானே ஒட்டுப்போட்டு ஒரு யந்திரத்தைச் செய்து, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்திருந்தார். இன்றைக்கு லென்ஸ் விலையைப் பற்றியே மணிக்கணக்காகப் பேசுகிற நம் ஆட்கள் அந்தப் பெயரைத் தினம் ஒரு தடவை சொல்லிக்கொள்ளலாம்.

அவர் படங்களில் எனக்குப் பிடிபட்டது ஒன்று. விலங்கு அடுத்து என்ன செய்யப்போகிறது என்று தெரிந்த ஆள் எடுத்த படங்கள் அவை. தாவரவியல் படித்தவர், ஓவியமும் போட்டவர், காட்டில் நாள்கணக்காகக் காத்துக் கிடந்தவர். பிலிம் காலத்தில் ஒரு சுருளுக்குள் அடங்கும் படங்கள் கொஞ்சம்தான். ஒவ்வொன்றையும் எண்ணித்தான் செலவழிக்க வேண்டும். ஆகவே கண்ணும் அறிவும் முந்திக்கொண்டு ஓட, விரல் பின்னால் வந்தது. இப்போது நொடிக்கு இருபது படம் எடுக்கிற கேமராவில் விரல் முதலில் ஓடிவிடுகிறது. கற்பனை என்று நாம் பெரிதாகச் சொல்லிக்கொள்வது, இந்தத் தொழிலில் பெரும்பாலும் ஒரு கணம் முன்கூட்டி ஊகிப்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஊகம் பழக்கத்தில் வரும். பழக்கத்துக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு குளம் வேண்டும்.

மஞ்சள்மூக்கு நாரையையே எடுத்துக்கொள்வோம். கூந்தன்குளத்தில் கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டுமே, அதுதான். முழங்கால் தண்ணீரில் இறங்கி, நீண்ட மூக்கைப் பாதி திறந்தபடி உள்ளே விட்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் துழாவிக்கொண்டே நடக்கும். கலங்கல் தண்ணீர், கண்ணுக்கு அங்கே வேலை இல்லை. ஒரு காலால் சேற்றைக் கிளறிவிடும். சில நேரம் ஒரு பக்கத்து இறக்கையைச் சட்டென்று விரித்து மடக்கும். ஒளிந்திருக்கும் மீன் வெருண்டு ஓடி மூக்கில் பட்டால் போதும், படக்கென்று மூடிக்கொள்ளும். பார்த்து மூடுவதில்லை, பட்டவுடன் மூடுவது. இது தெரியாத வரை, தலையைத் தூக்கி நிற்கும் நாரைக்காகவே காத்திருந்தேன். எல்லோரும் எடுக்கிற படம் அது. தெரிந்த பிறகு எனக்கு வேண்டியது கால் கிளறுவதற்கும் இறக்கை விரிவதற்கும் நடுவில் இருக்கிற அந்தச் சிறு இடைவெளி என்றாகிவிட்டது.

கிருஷ்ணனை நினைத்துக்கொண்டு கேமராவைக் கருப்பு வெள்ளைக்கு மாற்றிப் பார்த்தேன். இந்த நாரைக்கு அழகே வாலருகில் இருக்கும் இளஞ்சிவப்புதான். அதைப் பிடுங்கிவிட்டால் என்ன மிஞ்சும்? மிஞ்சியது ஆச்சரியமாக இருந்தது. நிறம் போனதும் அமலைச்செடியின் கூச்சலான பச்சை அடங்கிப்போயிற்று, பிளாஸ்டிக் பைகூட ஒரு சாம்பல் திட்டாகிவிட்டது. வளைந்த முதுகும் விரிந்த ஓர் இறக்கையும் தண்ணீர் வளையங்களும் மட்டும் நின்றன. ஒரு தொழில் விஷயமும் பிடிபட்டது. கருத்த தண்ணீரில் வெள்ளைப் பறவை நின்றால், கேமரா முழுக் காட்சியையும் சராசரி பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். இறகெல்லாம் சுண்ணாம்பு பூசினமாதிரி வெளுத்துப்போகும். ஒரு படி குறைத்து வைத்தால் இறகின் ஒவ்வொரு வரியும் வரும்.

இதற்கெல்லாம் பொறுமை இல்லாதவர்களுக்கு இப்போது குறுக்குவழிகள் இருக்கின்றன. தொட்டியில் மீனை விட்டு மீன்கொத்தியை வரவழைப்பது, போனில் குரலை ஒலிக்கவிட்டுக் குருவியைக் கிளைக்கு இழுப்பது. படம் கண்ணாடிபோல வரும், மறுக்கவில்லை. எடுத்தவருக்கு அந்தப் பறவையைப் பற்றி ஒன்றும் புதிதாகத் தெரிந்திருக்காது. கல்யாண ஸ்டூடியோவில் மாப்பிள்ளை பெண்ணை நிறுத்தி எடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அங்கேயாவது கேட்டுவிட்டுத்தான் நிறுத்துகிறார்கள்.

நாரையின் கால் கிளறலுக்கும் இறக்கை விரிப்புக்கும் நடுவே அந்த இடைவெளி கிடைத்த படத்தைப் பிரிண்டு போட்டு, மார்க்கெட் ஓரத்து டீக்கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே மூட்டை இறக்குகிற அண்ணாச்சி ஒருவர் பழக்கம். படத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன சார், தலையில்லாமலா எடுத்திருக்கிய?"

"தலை தண்ணிக்குள்ள இருக்கு அண்ணாச்சி. அது பார்த்துப் புடிக்காது, தடவித்தான் புடிக்கும்."

"அட, நாங்களும் அப்படித்தான" என்றார். சின்ன வயசில் குளம் வற்றும்போது சேக்காளிகளோடு இறங்கிக் கையால் மீன் பிடித்த கதை வந்தது. காலால் சேற்றை மிதித்துக் கலக்க வேண்டுமாம். இரண்டு கையையும் தரையோடு தரையாக விரித்துக் கொண்டுபோக வேண்டுமாம். மீன் பட்டதும் வாலைப் பிடித்தால் வழுக்கிவிடும், செவுளுக்குப் பின்னால் அமுக்க வேண்டுமாம். சொல்லிக்கொண்டே டீ மேசையின்மேல் விரல்களை விரித்து நகர்த்திக் காட்டினார். நாரையின் மூக்குப்போலவே பாதி திறந்திருந்தன. கேமராவை எடுத்தேன். கையை மடியில் இழுத்துக்கொண்டார்.

"இங்க வேண்டாம் சார், பயலுவ சிரிப்பானுவ. தண்ணி இன்னும் ரெண்டு சாண் வத்தட்டும், குளத்துலயே எறங்கிக் காட்டுதேன். நாரை நிக்க எடத்துலதான் மீனும் கெடக்கும்."