நாய்க்குட்டியின் வணக்கம்

நாய்க்குட்டி நம்மேல் தாவுவதைக் குறும்பு என்கிறோம். அதன் கணக்கில் அது வணக்கம். ஓநாய்க் கூட்டத்தில் குட்டிகள், வேட்டையிலிருந்து திரும்பும் பெரியவற்றின் வாயோரத்தை எட்டி நக்கும். அவை விழுங்கி வந்த இரையைக் கக்கி ஊட்டும். நாயும் அந்த வம்சம்தானே? நம் முகம் இவ்வளவு உயரத்தில் இருப்பது அதன் குற்றமல்ல.

ஆனால் குட்டி வளர்ந்துவிடுகிறது. கைமுறுக்குக்குப் பேர்போன ஆட்டையாம்பட்டியில் எனக்குத் தெரிந்த ஒரு வீடு. அந்த வீட்டு ஆயா எழுபது வயதிலும் அலுக்காமல் முறுக்குச் சுற்றுகிறவர். ஒரு நாள் மாவுச் சட்டியோடு வாசற்படி தாண்டியவர்மேல், ஏழு மாதத்து மணி ஆசையாகத் தாவிவிட்டது. சட்டி போயிற்று, தூணைப் பிடித்ததால் இடுப்பு தப்பியது. "இதெக் கொண்டுபோயி எங்காச்சும் உட்டுட்டு வா சாமி" என்றார் மகனிடம். அன்பு மிகுந்த குற்றத்துக்காகத் தெருவுக்குப் போகும் நாய்கள் இப்படித்தான் போகின்றன. ஆயாவின் கோபத்திலும் நியாயம் இருந்தது. தடுப்பூசி போடாத நாயின் நகம் கீறினால்கூட, 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான்.

நாலு நாள் அங்கே தங்கியபோது கவனித்தேன். மணி தாவினால் பேரன் முறுக்குத் துண்டு கொடுப்பான். மகன் அதட்டுவார். விருந்தாளி தட்டிக்கொடுப்பார். ஒரே செயலுக்கு மூன்று தீர்ப்பு! அமெரிக்க உளநூலார் ஸ்கின்னர், பெர்ஸ்டருடன் சேர்ந்து 1957-இல் வெளியிட்ட நூலில் புறாக்களை வைத்து இதைத்தான் ஆராய்ந்தார். எப்போதாவது பலன் கிடைக்கும் பழக்கம், பலன் நின்ற பிறகும் லேசில் விடாது. சீட்டாட்டத்தில் ஒருமுறை ஜெயித்தவனைக் கேட்டால் தெரியும். அதட்டலும் தண்டனையல்ல, பாசத்துக்கு ஏங்கும் குட்டிக்கு அதுவும் பேச்சுவார்த்தைதான்.

வழி எளிது. தாவினால் பேசாமல் முதுகைத் திருப்புங்கள். நாலு காலும் தரையில் பட்டதும் குனிந்து தடவுங்கள். ஓர் இட்லித் துணுக்குக் கொடுங்கள். உப்பும் உறைப்புமான முறுக்கு வேண்டாம். "உட்கார்" என்றால் உட்காரப் பழக்குங்கள். உட்கார்ந்தபடி தாவ எந்த நாயாலும் முடியாது. முதல் சில நாள் முன்னைவிட வேகமாகத் தாவும். பழைய தந்திரம் ஏன் பலிக்கவில்லை என்று அது சோதித்துப் பார்க்கிற காலம் அது. அப்போது இரங்கினால் எல்லாம் பாழ். வீட்டார் அனைவரும் ஒரே சொல்லில் நிற்க வேண்டும்.

அந்த வீட்டார் நின்றார்கள். மூன்று வாரத்தில் மணி, ஆயாவைக் கண்டதும் உட்கார்ந்து வாலால் தரையைப் பெருக்கத் தொடங்கியது. பழக்க முடியாதவர் ஒருவர்தான் மிச்சம்: "பரவாயில்லீங்க, எனக்கு நாய்னா உசுரு" என்று கைநீட்டி வரும் விருந்தாளி. அவர் வரும்போது மட்டும் மணியைக் கட்டிவைக்கிறார்கள். அவரைக் கட்டிவைக்க முடியாதல்லவா?