சன்மைக்காவில் ஒரு ‘படிப்பகம்’

வணிகப்பெயர் பொதுப்பெயராக மாறுவதற்கு வகுப்பில் நாம் சொல்லும் எடுத்துக்காட்டுகளில் சன்மைக்காவும் ஒன்று. எந்த நிறுவனம் செய்த தகடானாலும் கொங்குநாட்டுத் தச்சுப்பட்டறையில் அது சன்மைக்காதான். பெயரில் உள்ள மைக்கா நம்மூரில் காக்காப்பொன் என்று வழங்கும் அப்பிரகம். தகட்டிலோ அது துளியும் கிடையாது. 1912-13ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் டேனியல் ஓ’கானர், ஹெர்பர்ட் ஃபேபர் என்னும் இருவர், மின்கருவிகளில் காப்புப்பொருளாகப் பயன்பட்ட மைக்காவுக்கு மாற்றாக ஒன்றைச் செய்து, ‘மைக்காவுக்குப் பதிலாக’ என்ற பொருள்பட ஃபார்மைக்கா எனப் பெயரிட்டனர். நூறாண்டு கடந்தும் இல்லாத பொருளின் பெயர் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. ஆகுபெயர் வகைகளில் இதை எதில் அடக்குவது என்று இலக்கணம் அறிந்த நண்பர்கள் சொல்லலாம்.

உண்மையில் அது காகிதம். பழுப்புத் தாள்களைப் பீனாலிக் பிசினில் ஊறவைத்து அடுக்கி, மேலே வண்ணத்தாளை மெலமின் பிசினில் தோய்த்து வைத்து, 120 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் பேரழுத்தம் கொடுத்தால் எல்லாம் ஒரே தகடாகிவிடும். எட்டடி நீளம், நாலடி அகலம், ஒரு மில்லிமீட்டர் கனம். காகிதத்தில் எழுதியே பழகிய நாம், காகிதத்தையே எழுத்தாக வெட்டும் வேலையைக் கிட்ட நின்று பார்த்தது கொடுமுடியில், நண்பர்கள் நடத்தும் சிறு படிப்பகம் ஒன்றுக்குப் பெயர்ப்பலகை செய்யப்போன இடத்தில்.

வேண்டியிருந்தது எளியது. வெள்ளைத் தகட்டில் ‘படிப்பகம்’ என்ற சொல்லை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கறுப்புத் தகட்டில் வெட்டிய அதே எழுத்துகளைப் பதிக்க வேண்டும். எழுத்து ஓர் அங்குல உயரம், கோட்டின் பருமன் 4 மி.மீ. வண்ணம் பூசினால் வெயிலில் வெளுத்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு.

பட்டறைக்காரரான ஆசாரியார் எழுபதைக் கடந்தவர். முன்பெல்லாம் இவ்வேலையைக் கையால் செய்தவர். நேர்வெட்டு என்றால் சட்டத்தை வைத்துக் கூர்முனைக் கத்தியால் வண்ணப்பக்கம் நாலைந்து முறை கீறி, கீறிய பக்கமாகவே மேல்நோக்கி மடித்து ஒடிப்பார். எழுத்து என்றால் மெல்லிய ரம்பத்தால் அறுத்து அரத்தால் ராவுவார். இப்போது அவர் மகன் வங்கிக்கடனில் சி.என்.சி. ரௌட்டர் ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறார். எண்களால் இயங்கும் வெட்டெந்திரம் முதன்முதலாகச் செய்துகாட்டப்பட்டது 1952-இல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில். அதன் வழித்தோன்றல் கொடுமுடியில் கதவுக்குப் பூவேலை செய்துகொண்டிருக்கிறது.

எந்திரத்துக்கு எழுத்து தெரியாது. ஜி01 என்றால் நேர்கோடு, ஜி02 என்றால் வலஞ்சுழி வில், ஜி03 என்றால் இடஞ்சுழி வில். இவ்வளவே அதன் நெடுங்கணக்கு. நாம் கோட்டின் வழியே எழுதுகிறோம். அதுவோ கோட்டின் ஓரத்தைச் சுற்றிவருகிறது. நிமிடத்துக்குப் பதினெட்டாயிரம் சுற்றுச் சுழலும் கார்பைடு முனை உள்ளே இறங்கியதும் எழும் ஓசையில் பேச்சு நின்றுவிடுகிறது. முனையின் புரி மேல்நோக்கி இழுப்பதாக இருந்தால் வண்ணப்பக்கம் சிலும்பும். அதனால் கீழ்நோக்கி அழுத்தும் புரியைப் போட்டிருந்தார். மெல்லிய தகடு துடிக்காமலிருக்க அடியில் காற்றை உறிஞ்சிப் பிடித்துவைக்கும் மேசை.

சிக்கல் மூலையில் இருந்தது. முனை உருண்டையானது, விட்டம் 3 மி.மீ. ஆகவே அது வெட்டும் எந்த உள்மூலையும் ஒன்றரை மி.மீ. ஆரத்தில் மழுங்கியே தீரும். வெளிமூலையோ கூர்மையாக வரும். வெள்ளைத் தகட்டின் துளையில் உள்மூலையாக இருப்பதுதான் கறுப்பு எழுத்தில் வெளிமூலை. ஒன்று மழுங்கல், மற்றது கூர். பொருந்தாது. நேர்க்கோடுகளாலான ஒரு பகரத்தை எடுத்துக்கொண்டால், துளையில் ஆறு மூலையும் எழுத்தில் இரண்டு மூலையும் இப்படி முரண்படுகின்றன. ‘படிப்பகம்’ என்னும் சொல்லில் பகரங்கள் மட்டும் மூன்று.

“எழுத்தோட மூலையவும் அதே அளவுக்கு ரவுண்டு பண்ணீட்டா கச்சிதமா உக்காந்துருமுங்க சார். கம்ப்யூட்டர்லயே ஒரு நிமிசம். யாரும் கவனிக்க மாட்டாங்க” என்றார் மகன்.

அது உண்மைதான். அடி உயர எழுத்தில் ஒன்றரை மி.மீ. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 4 மி.மீ. கோட்டின் இருபுறமும் அவ்வளவு போனால் முனை ஏறக்குறைய அரைவட்டமாகிவிடும். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆசாரியார் சொன்னார்: “மூலை போச்சுன்னா அது ப இல்லீங்க ஐயா, கிண்ணமுங்க.”

கருவி எழுத்தை மாற்றுவது புதிதன்று. கொடுமுடியிலிருந்து காவிரிக்கரையோடு கிழக்கே சென்றால் புகழூரை அடுத்த ஆறுநாட்டான் மலையில் சேரல் இரும்பொறையரைக் குறிக்கும் தமிழிக் கல்வெட்டு இருக்கிறது. உளி நேர்கோட்டை விரும்பும். அங்குள்ள எழுத்துகள் பெரும்பாலும் கோடுகளும் கோணங்களுமாக நிற்கின்றன. ஓலையில் நார் நீளவாக்கில் ஓடுவதால் எழுத்தாணி வளைவை விரும்பிற்று என்பர். புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று புள்ளியையே விட்டுவிட்டனர். பிற்கால வட்டெழுத்தில் சில எழுத்துகள் ஒன்றையொன்று ஒத்துப்போய்ப் படிப்பவரைத் திணறடிக்கும். எனினும் உளியையும் எழுத்தாணியையும் பிடித்தவன் எழுத்தின் வழியிலேயே கையை நகர்த்தினான். வளைத்தபோது எதை இழக்கிறோம் என்பதைக் கை அறிந்திருக்கும். இங்கே அந்த முடிவை ஒரு நிமிடத்தில் எடுக்கச் சொல்லுகிறது கணினி. அதுவும் ‘யாரும் கவனிக்க மாட்டார்கள்’ என்ற உறுதிமொழியோடு. நமக்கு உடன்பாடில்லை. ஆயினும் மகனைக் குறைசொல்ல மனம் வரவில்லை. எந்திரம் ஓடும் நேரத்துக்குத்தான் கூலி; அரம் பிடிக்கும் நேரத்துக்கு யாரும் தருவதில்லை; மாதந்தோறும் வங்கிக்குத் தவணை கட்டவேண்டும்.

அரத்துக்கும் சேர்த்துக் கூலி பேசினோம். ஆசாரியார் மெல்லிய முக்கோண அரத்தை எடுத்துச் சன்னலோரம் உட்கார்ந்தார். வண்ணப்பக்கத்திலிருந்து அடிப்பக்கமாக மட்டுமே தள்ளினார். திரும்ப இழுக்கும்போது அரம் தகட்டில் படவே இல்லை. இழுப்பில் பட்டால் ஓரம் சிலும்பிவிடுமாம். மூன்று பகரங்களின் இருபத்துநான்கு மூலைகள், பிறகு டிகரம், மகரம். கண்ணில் புரை இருக்கிறது. விரலால் தடவித்தான் கோணத்தைப் பார்த்தார். ஒரு பிற்பகல் முழுதும் போயிற்று.

இடையில் வேறொன்று நிகழ்ந்தது. ‘ப்’, ‘ம்’ ஆகியவற்றின் புள்ளிகளை எந்திரம் வெட்டியது. 4 மி.மீ. வட்டத்தைப் பிடித்துவைக்க அடிக்காற்றின் இழுவை போதவில்லை. வெட்டி முடிந்த கணமே இரண்டும் எழும்பித் தூசுக்குழாய்க்குள் போயின. “ஓலைக்காலத்துக்கே போய்விட்டோம்” என்றோம். சிரித்தது நாம் மட்டுந்தான். மறுமுறை தகட்டின் அடியில் இருபக்க ஒட்டுநாடாவைப் போட்டு வெட்டியபின்தான் புள்ளிகள் நின்றன.

பலகை மாட்டியாயிற்று. புறப்படும்போது மகன், “அடுத்த தடவைக்கு நீங்களே ஒரு எழுத்து வரைஞ்சு குடுங்க சார். மெசினுக்குத் தோதா மூலையே இல்லாம, ஆனா படிக்கவும் வரோணும்” என்றார். அன்றுமுதல் கட்டத்தாளில் வரைந்துகொண்டிருக்கிறோம், எல்லா வளைவும் ஒன்றரை மி.மீ.க்குக் குறையாமல். ககரமும் மகரமும் ஒத்துக்கொண்டன. டகரம் முதுகைச் சற்றே சாய்த்ததும் சரியாயிற்று. பகரம் இன்னும் கிண்ணமாகவே நிற்கிறது. அடிக்கோட்டை இருபுறமும் கொஞ்சம் வெளியே நீட்டிப் பார்த்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ஆசாரியாரிடம் காட்டவேண்டும்.