120க்கு 45-ல் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர்

120க்கு 45. ஏதோ வீட்டு மனை அளவு போலிருக்குன்னு உள்ளே வந்தவர்கள் மன்னிக்கவும் :-) இது பிக்ஸல் கணக்கு. ஸ்டீம் என்கிற கம்ப்யூட்டர் கேம் கடையில், ஒரு கேமோட படம் சுருங்கிச் சுருங்கிக் கடைசியாக வந்து நிற்கிற அளவு. தீப்பெட்டியில் குச்சி உரசுகிற பக்கம் இருக்கே, அதைவிடச் சின்னது. ஒரு மனுஷன் ரெண்டு வருஷம் ராத்தூக்கம் இல்லாமல் எழுதின கேமை, கடைக்கு வருகிறவன் பல நேரம் முதலில் பார்ப்பது இந்த உரசுபட்டையில்தான்.

அந்த மனுஷன் என் நண்பன். ஜோலார்பேட்டைக்காரன். அப்பா ரயில்வேயில் ஷன்டிங் வேலை பார்த்தவர். கேமும் அதேதான். ஒரு யார்டு, அஞ்சாறு தண்டவாளம், கலைஞ்சு கிடக்கிற கூட்ஸ் வேகன்கள். முன்னே பின்னே தள்ளி, பாயிண்ட் மாத்தி, சொன்ன வரிசையில் கோத்து அனுப்பணும். நேரக் கெடு கிடையாது, யாரும் யாரையும் சுடறதில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. இருந்த வேலையை விட்டுட்டுத்தான் இதைச் செஞ்சான். சேமிப்பு இன்னும் ஆறு மாசம் தாங்கும்னு அவனே கணக்குப் போட்டு வெச்சிருந்தான்.

கடைக்கான படத்தை வரைஞ்சது அவன் தங்கச்சி. நிஜமாகவே நல்லா வரைகிற பொண்ணு. மழை பெய்யும் பிளாட்பாரம், கையில் விளக்கோடு வயசான ஸ்டேஷன் மாஸ்டர், தூரத்தில் எஞ்சின் வெளிச்சம், ஈரத் தரையில் மஞ்சள் நிழலாட்டம்... ஒரு மாசம் உட்கார்ந்து வரைஞ்சிருக்கு. மேலே மெல்லிசான எழுத்தில் கேம் பேர். அந்தப் படத்தோடு பக்கத்தைத் திறந்து ஒரு மாசம் ஆச்சு. ஸ்டீம் ஒரு கணக்கு காட்டும்: உன் படம் எத்தனை பேர் கண்ணில் பட்டது, அதில் எத்தனை பேர் உள்ளே வந்தாங்கன்னு. கண்ணில் பட்டது நிறைய. உள்ளே வந்தது சொல்லிக்கிற மாதிரி இல்லை. முன்னாடி ஒரு டிடிபி சென்டரில் ஃப்ளெக்ஸ் பேனர் டிசைன் பண்ணினவன் என்கிற ஒரே தகுதியில் என்கிட்டே வந்தான். "எப்டிடா இருக்கு?"ன்னான்.

படம் அருமை. ஃப்ரேம் போட்டு ஹாலில் மாட்டலாம். ஆனால் கடையில் மாட்ட முடியாது.

இதை வாயால் சொன்னால் சண்டைதான் வரும். அதனால் ஸ்டோரில் புதிர் கேம்கள் வரிசையாக இருக்கிற பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, அதில் ஒரு கேமின் படத்தை மறைச்சு, அதே அளவில் இவன் படத்தை ஒட்டிக் காட்டினேன். ஸ்டீம் கடையோட பின்னணியே கருநீலம். படத்தோட ஓரமெல்லாம் மழை இருட்டு. ரெண்டும் ஒண்ணாகக் கலந்து, நடுவில் ஒரு மஞ்சள் புள்ளி மட்டும் மிச்சம். பேர் சுத்தமாகக் காணோம். மெல்லிசான எழுத்துக்கு இந்த அளவில் கோடு ஒரு பிக்ஸல்கூடத் தேறாது.

இது பாதிப் பிரச்சனைதான். கொஞ்சம் வெளிச்சம் கூட்டி, எழுத்தைத் தடியாக்கினால் தீர்ந்துடும். அடுத்து பெரிய அளவிலேயே அந்தப் படத்தை என் அக்கா பையன்கிட்டே காட்டி, இது என்ன கேம்னு கேட்டேன். ஒரு செகண்டுகூட யோசிக்கலை. "பேய் கேம் மாமா."

அடடா. இதுதாங்க விஷயம்.

தம்ப்நெயில்னா கேமோட அழகான காட்சி ஒண்ணுன்னு நாம நினைக்கிறோம். அது அழகைக் காட்ட வந்ததில்லை, உள்ளே என்ன சரக்குன்னு சொல்ல வந்தது. பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடையில் பாக்கெட் நாவல்களைக் கயித்தில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பாங்களே, பஸ் கிளம்பறதுக்கு முன்னாடி ஓடிப்போய் எடுக்கிறவன் பின்னட்டையா படிப்பான்? துப்பாக்கி இருந்தால் க்ரைம், பொண்ணு ஜன்னல் பக்கம் நின்னால் குடும்பக் கதை. 2024-ல் மட்டும் ஸ்டீமில் 18 ஆயிரத்துக்கும் மேலே கேம்கள் வெளியாச்சு. அத்தனை கிளிப்பு, ஒரே கயிறு.

பலாட்ரோவைப் பாருங்க (2024-ல் வந்தது, ஒரே ஆள் செஞ்சது). சீட்டு இருக்கு, முடிஞ்சது கதை. ஸ்டார்டியூ வேலி (2016, இதுவும் ஒரே ஆள்தான்) நீல வானமும் பச்சையுமாக இருக்கும். அதைப் பார்த்துட்டு யாரும் துப்பாக்கிச் சண்டை இருக்கும்னு உள்ளே போக மாட்டாங்க.

"பேய்னு நினைச்சாவது உள்ள வரட்டுமே மச்சி, வந்தப்புறம் புடிச்சிடும்ல?"ன்னான் நண்பன். பாவம், அவன் நிலைமை அப்படி. ஆனால் ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் காசைத் திருப்பி வாங்கிக்கலாம். பேயைத் தேடி வந்தவன் பத்து நிமிஷம் வேகன் தள்ளிட்டு, காசை வாங்கிட்டு, போகிற போக்கில் ரெண்டு வரி திட்டியும் எழுதிட்டுப் போவான். அதைவிட முக்கியம், வேகன் தள்ளணும்னு உசிரை விடுகிற ஒரு கூட்டம் உலகத்தில் இருக்கு. அவங்க இந்தப் படத்தைப் பார்த்து, நமக்கில்லைன்னு தாண்டிப் போய்க்கிட்டு இருக்காங்க. அந்த ஆறு மாசத்தை ஓட்ட வேண்டியது அவங்க காசுதான்.

சரி, பேருக்குக் கீழே 'அமைதியான ரயில் புதிர்'னு ஒரு வரி போட்டுடலாமான்னு கேட்டான். முடியாது. 2022 செப்டம்பர் 1 முதல் ஸ்டீமில் கடைப் படத்துக்குக் கட்டுப்பாடு இருக்கு: கேமோட ஓவியம், பேர், அதிகாரபூர்வமான துணைத்தலைப்பு, அவ்வளவுதான். விருது, விமர்சன மார்க்கு, தள்ளுபடி எதுவும் எழுதக்கூடாது. எனக்கு இந்த விதி ரொம்பப் பிடிக்கும். ஃப்ளெக்ஸ் போட்ட காலத்தில் மாப்பிள்ளை முகத்தைவிட ஒன்றியச் செயலாளர் முகம் பெரிசாக இருக்கணும்னு அடம் பிடிச்சவங்களையெல்லாம் பார்த்தவன் நான். ஸோ, சொல்ல வேண்டியதைப் படமே சொல்லியாகணும்.

ஏஐ-கிட்டே கேட்டால் அஞ்சு நிமிஷத்தில் வேறே படம் தருமேன்னு நீங்க கேட்கலாம். தரும். 2024 ஜனவரியிலிருந்து அதை ஸ்டீமில் தெரிவிக்கணும், கடைப் பக்கத்திலும் அது தெரியும். அதைவிட, வீட்டில் தங்கச்சி ஒரு மாசம் வரைஞ்சிருக்கும்போது இதைப் போய் எந்த வாயால் சொல்றது?

அவகிட்டே பேசற வேலை என் தலையில் விழுந்தது. நான் எதையும் விளக்கலை. ஒட்டின ஸ்க்ரீன்ஷாட்டைப் போனில் திறந்து, "உங்க கேம் எங்க இருக்கு, கண்டுபிடி"ன்னேன். தேடினா. கண்டுபிடிச்சா. கொஞ்ச நேரம் எதுவும் பேசலை.

"ஸ்டேஷன் மாஸ்டரையே காணோம்ணா."

அப்புறம் அவளே பேப்பர் எடுத்தா. நாலு நாளில் நாலு விதமாகப் போட்டுப் பார்த்து, கடைசியில் நின்னது இது: வெளிர் பச்சைப் பின்னணி, நடுவில் ஒரே ஒரு ஆரஞ்சு வேகன், அதுக்குக் கீழே தண்டவாளம் ரெண்டாகப் பிரியுது. எந்தப் பக்கம் போகும்? அந்தக் கேள்விதானே மொத்தக் கேமும்! அக்கா பையன் பார்த்துட்டு, "ரயிலை அடுக்கணுமா மாமா?"ன்னான்.

இதிலும் ஒரு படத்தை வரைஞ்சுட்டு எல்லா அளவுக்கும் வெட்டினால் வேலைக்கு ஆகாது. தலைப்புப் படம் 920க்கு 430, நெட்டுக்குத்தானது 748க்கு 896, சின்னது 462க்கு 174 (இதுதான் 120க்கு 45 வரைக்கும் சுருங்கும்). சின்னதில் பேரே கிட்டத்தட்ட மொத்த இடத்தையும் அடைச்சுக்கணும்னு ஸ்டீமே சொல்லுது. அதனால் அதில் தண்டவாளத்தைத் தூக்கிட்டு, தடி எழுத்தில் பேர், ஓரத்தில் வேகன், அதோடு விட்டாச்சு. கலரையெல்லாம் எடுத்துட்டு கறுப்பு வெள்ளையில் பார்த்தப்பவும் பேர் தெரிஞ்சது.

மாத்தி ரெண்டு வாரம் ஆச்சு. உள்ளே வருகிறவங்க கூடியிருக்காங்க. ஆனால் அதே வாரம் ஒரு ரயில் ரசிகர் தன் வீடியோவில் இந்தக் கேமைப் பத்திப் பேசினதால், எவ்வளவு படத்தால், எவ்வளவு அவரால்னு பிரிக்க வழியில்லை. கூகிள் பிளேயில் ரெண்டு ஐகானைப் பாதிப் பாதிப் பேருக்குக் காட்டிச் சோதிக்கலாம். ஸ்டீமில் அந்த வசதி கிடையாது. நண்பன் என்னமோ எல்லாம் தங்கச்சியாலதான்னு சொல்லிட்டுத் திரியறான். சொல்லட்டும் :-)

மழைப் படம் என்னாச்சுன்னு கேட்பீங்க. கேமை வாங்கினவங்க தங்களோட லைப்ரரியில் அதைத் திறந்தால், மேலே அகலமாக ஒரு படம் விரியும். 3840க்கு 1240. அதில் எழுத்தே இருக்கக் கூடாது, பேரைத் தனியாகக் கொடுக்கணும். காசு கொடுத்து உள்ளே வந்தவனுக்கு இது என்ன கேம்னு சொல்ல வேண்டியதில்லையே? பிளாட்பாரத்தை ரெண்டு பக்கமும் நீட்டி, ஓரம் வெட்டுப்பட்டாலும் ஸ்டேஷன் மாஸ்டர் தப்பிக்கிற மாதிரி அவரை நடுவுக்கு நகர்த்தி வரைஞ்சுட்டா. இப்போ அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் ஒரே தகராறு. பேரை நடுவில் வெச்சால் விளக்கை மறைக்குதாம். இடது பக்கம் கீழே தள்ளுன்னு அவ சொல்றா, இவன் கேட்க மாட்டேங்கறான்.