கிண்ணியாப் பாலமும் மேடைப் பேச்சும்



திருகோணமலை நகரிலிருந்து தெற்கே பயணம் செய்தால், தம்பலகாமக் குடாவின் மேல் நீண்டு கிடக்கும் ஒரு பாலத்தைக் கடந்துதான் கிண்ணியாவுக்குள் நுழைவீர்கள். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர் இது. பாலத்தின் நீளம் 396 மீட்டர். சவூதி அரேபியாவின் நிதியுதவியால் உருவானது.

அதற்கு முன் இங்கே ‘பாதை’தான். பாதை என்றால் இவ்வூரார் வீதியைச் சொல்வதில்லை. ஆட்களையும் வாகனங்களையும் அக்கரை சேர்க்கும் மிதவையைத்தான் சொல்வார்கள். பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணை நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வதானாலும் பாதை வரும்வரை காத்திருக்க வேண்டும்.

யுத்தம் முடிந்து ஐந்து மாதங்களில், 2009 ஒக்டோபர் 20 அன்று, அப்போதைய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ வந்து பாலத்தைத் திறந்து வைத்தார். அவ்வாண்டு மே 19இல் பாராளுமன்ற உரையையே தமிழில் தொடங்கியவர் அவர். நாட்டின் தலைவர் சிற்றூருக்கு வந்தால் ஊரே பெருநாள் கோலம் பூணும். நம் மொழியில் நாலு வார்த்தை பேசிவிட்டால் உள்ளம் குளிர்ந்து போகும். ஆனால் மேடைப் பேச்சு காற்றோடு போய்விடும், பாலம்தான் நிற்கும்.

அதே கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணி என்றோர் இடம். பழைய பாலம் அகற்றப்பட்டு, புதியது முடியாதிருந்த வேளை. மீண்டும் பாதையே கதி. 2021 நவம்பர் 23 காலை அது கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்பட அன்றே ஆறு உயிர்கள் போயின. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

ஃபுராத் நதிக்கரையில் ஒரு கால்நடை இடறி விழுந்தாலும், வழியை ஏன் செப்பனிடவில்லை என்று அல்லாஹ் தம்மிடம் கேட்பானே என அஞ்சினார்கள் கலீஃபா உமர் (ரலி) அவர்கள். ஆட்சி என்பது அமானிதம்.

சகோதரிகளே! உங்கள் ஊருக்கும் தலைவர்கள் வருவார்கள். கை தட்டுமுன், சென்ற முறை சொன்னது என்னவாயிற்று என்று கேளுங்கள். அப்படிக் கேட்கும் பிள்ளைகள் நம் வீட்டில்தான் வளர வேண்டும். ஏதோ தருவதாகச் சொல்லித் தன் பிள்ளையை அழைத்த தாயிடம், என்ன தரப்போகிறாய் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். பேரீச்சம்பழம் என்றார் அவர். ஒன்றும் கொடுக்காதிருந்தால் அது பொய்யாகப் பதியப்பட்டிருக்கும் என்றார்கள் நபியவர்கள்.

ஒரு பேரீச்சம்பழத்துக்கே இந்தக் கணக்கென்றால், ஒரு பாலத்துக்கு?