கம்பி கழற்றிய கிட்டார்

மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவின் விடுதிகளில் சுவரில் மாட்டிய கிட்டார்களைப் பார்த்திருக்கிறேன். யாரோ விட்டுப்போனவை, யார் வேண்டுமானாலும் எடுத்து வாசிக்கலாம். எடுப்பவர்கள் சற்று நேரத்திலேயே திரும்ப மாட்டிவிடுவார்கள். கம்பி சொரசொரத்து விரலைப் பிடிக்கும். மெல்லிய இரண்டு கம்பிகளும் வெறும் எஃகு என்பதால் கடற்காற்று முதலில் அவற்றைத்தான் தின்கிறது. தடித்த நான்கின் மேல் வெண்கலச் சுற்று இருப்பதால் துரு வெளியே தெரியாது. சுற்றின் இடுக்கில் உப்பும் வியர்வையும் அடைந்து, ஒலி மட்டும் மழுங்கிப்போகும்.

நான் இருப்பது செங்கல்பட்டில். திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் கடல் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்கே கம்பியின் ஆயுள் மாறிவிடுகிறது. கருங்கல்லையே அரிக்கிற காற்று அது. எட்டாம் நூற்றாண்டுக் கடற்கரைக் கோயிலின் சிற்பங்கள் பல முகம் மழுங்கி நிற்கின்றன. தொல்லியல் துறை சவுக்குத் தோப்பு வளர்த்துக் காற்றைத் தடுக்கிறது. ஈரக் காகிதக் கூழை அப்பிக் கல்லுக்குள் இறங்கிய உப்பை உறிஞ்சி எடுக்கிறது. கிட்டாருக்கு நம்மால் முடிவது, வாசித்து முடித்ததும் ஒரு பருத்தித் துணியால் துடைப்பதுதான். அதையும் பலர் செய்வதில்லை.

கம்பி மாற்றும்போது ஆறையும் ஒன்றாகக் கழற்றினால் நெக் வளைந்துவிடும் என்றொரு பயம் பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆறு கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் விசை 70 கிலோவைத் தாண்டும். அதை வருடக்கணக்கில் தாங்கும் மரம், ஒரு பிற்பகல் ஓய்வில் கெட்டுவிடாது. மாறாக, ஒவ்வொன்றாக மாற்றுகிறவருக்குக் கிட்டாரின் பாதி உடம்பு தெரியாமலே போய்விடுகிறது.

கழற்றியதும் நான் முதலில் பார்ப்பது, மேல்பலகையில் கம்பிகள் வந்து மாட்டிக்கொள்ளும் கட்டையான பிரிட்ஜை. அதன் பின்விளிம்பில் ஒரு மெல்லிய காகிதத்தைச் செருகிப் பார்க்க வேண்டும். உள்ளே போகாவிட்டால் நிம்மதி. போனால், பசை விட ஆரம்பித்திருக்கிறது என்று பொருள். மேல்பலகையின் கனம் மூன்று மில்லிமீட்டர்கூட இருக்காது. அவ்வளவு இழுப்பையும் அதுதான் வாங்குகிறது. பிரிட்ஜுக்குப் பின்னால் லேசாக உப்பியிருந்தால் பதற வேண்டாம். உப்பல் கூடிக்கொண்டே போனால்தான் கவலை. அடுத்து, செல்போனை ஒலித்துளை வழியாக உள்ளே விட்டுப் படம் எடுக்கலாம். பிரிட்ஜுக்கு நேர் உள்ளே, கம்பியின் குண்டு முனை பிடித்துக்கொள்ளும் சிறு பலகையில் துளைகள் பிய்ந்து ஒன்றோடொன்று சேரத் தொடங்கியிருக்கிறதா என்று அதில் தெரியும். பிறகு மேல்பலகையை விரல் கணுவால் மெல்லத் தட்டிக்கொண்டே போவேன். உள்ளே தாங்குகட்டை ஏதாவது விட்டிருந்தால் அந்த இடம் மட்டும் சலசலக்கும்.

கிட்டாரோடு வரும் கையேடுகள் காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருக்கட்டும் என்கின்றன. மரம் வறண்டு வெடிக்காமலிருக்க ஈரமூட்டும் கருவி வாங்கச் சொல்கின்றன. குளிர்காலத்தில் வீட்டைச் சூடேற்றுகிற ஊர்களுக்கான அறிவுரை அது. நம் கரையில் பெரும்பாலான நாள்கள் ஈரம் அதற்கு மேலேதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் பலகை ஊறி, கம்பி, குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகளை விட்டு உயர்ந்து, விரல் நோகும். நமக்கு வேண்டியது சிலிக்கா பொட்டலம். அதைவிட முக்கியம், கோயில் பக்கத்து வண்டி நிறுத்தத்தில் வெயிலில் நிற்கும் காருக்குள் கிட்டாரை விட்டுவிட்டுப் போகாமலிருப்பது. அந்தச் சூட்டில் பசை இளகும்; கம்பியின் இழுப்பு மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

ஃப்ரெட் தேய்வது வேறு கதை. செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகத்தின் மேல் அதைவிடக் கடினமான எஃகு நாள்தோறும் அழுந்துகிறது. முதல் மூன்று ஃப்ரெட்டுகளில், மெல்லிய கம்பிகளுக்கு நேர்கீழே பள்ளம் விழும். அந்தப் பள்ளங்களைப் பார்த்தால் உரிமையாளருக்கு எந்தக் கார்டுகள் பிடிக்கும் என்றுகூடச் சொல்லிவிடலாம். வீணைக்காரர்கள் இதற்கு வழி கண்டிருந்தார்கள். தேன்மெழுகும் கரியும் கலந்த கருமெழுகில், வீணையின் ஃப்ரெட்டுகளான 24 மெட்டுகளையும் பதித்திருப்பார்கள். தேவைப்பட்டால் மெழுகை மாற்றி, மெட்டுகளை மறுபடி பதித்து மேளம் கட்டிக்கொள்ளலாம். கிட்டாரில் ஃப்ரெட் மரத்துக்குள் அறைந்து இறக்கியது. தேய்த்துச் சமப்படுத்த ஓரளவுதான் இடமுண்டு. அதற்குப் பிறகு பிடுங்கிப் புதிது போட வேண்டியதுதான்.

ஃபிங்கர்போர்டு வெளுத்திருந்தால் சிலர் தேங்காய் எண்ணெய் தடவுகிறார்கள். வேண்டாம். அது பிசுபிசுத்து அழுக்கைச் சேர்க்கும். பல கிட்டார்களில் அந்தப் பலகை நம் மலைக்காடுகளிலும் வளரும் ஈட்டி மரம். 2017இல் அதன் உலக வணிகத்துக்குக் கட்டுப்பாடு வந்தபோது கிட்டார் செய்பவர்கள் திண்டாடி, 2019இல் செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குப் பெற்றார்கள். அத்தனை பாடுபட்டுக் கிடைக்கும் மரத்துக்கு மாதாமாதம் எண்ணெய் முழுக்குத் தேவையில்லை.

மாமல்லபுரத்தில் மாலை வேளைகளில் வாசிக்கும் ஒரு தம்பி, கம்பி மாற்ற என்னிடம் வருவதுண்டு. போன தடவை பிரிட்ஜின் ஒரு மூலையில் காகிதம் நகக்கண் அளவு உள்ளே போனது.

"ஆசாரிகிட்டக் குடுத்து ஒரு ஸ்க்ரூ போட்டுடலாமாண்ணே?"

"ஸ்க்ரூவும் வேண்டாம், மேலாக்கப் பசையும் வேண்டாம். ஒட்டணும்னா முழுசாக் கழட்டி, பழைய பசையச் சுரண்டிட்டுத்தான் ஒட்டணும். இப்போதைக்கு ஒரு சைஸ் மெல்லிசான கம்பி போடு, இழுப்பு குறையும்."

காகிதம் நின்ற இடத்தில் பென்சிலால் அதன் மேல் ஒரு கோடு போட்டு, தேதி எழுதி, கிட்டார் பைக்குள் வைத்துக் கொடுத்தேன். அடுத்த கம்பி மாற்றத்தில் அதே காகிதத்தைச் செருகிப் பார்த்துவிட்டுத்தான் செலவைப் பற்றிப் பேச வேண்டும்.