விண்டோஸ் 98-ஐ இன்னும் எதற்காக ஓட்டுகிறேன்

பழைய இயங்குதளங்களை ஓட்டிப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. என் மேசைக் கணினிக்குள் டாஸ், விண்டோஸ் 3.1, விண்டோஸ் 98 மூன்றும், பழைய கணினியைப் போல நடிக்கும் எமுலேட்டர் என்ற மென்பொருளில் குடியிருக்கின்றன. பார்ப்பவர்கள் இதை இளமைக்கால நினைவில் திளைப்பது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்த இன்பமும் உண்டுதான். ஆனால் இத்தனை காலம் இதை விடாமல் செய்து வருவதற்குக் காரணம் வேறு. 1990-களில் கணினியில் எழுதப்பட்ட தமிழில் பெரும்பகுதியை இன்றைய கணினி நேரடியாகப் படிக்காது. அதைப் படிக்க அன்றைய எழுத்துரு வேண்டும், சில கோப்புகளுக்கு அன்றைய மென்பொருள் வேண்டும், அந்த மென்பொருள் ஓட அன்றைய இயங்குதளமே வேண்டும்.

யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் விண்டோஸ் அதை முறையாக ஏற்றுக்கொண்டது லதா எழுத்துருவோடு வந்த விண்டோஸ் 2000-இல்தான். அதுவரை தமிழை எழுதியவர்கள் ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தார்கள். இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழர்களிடமும் பெருவழக்காக இருந்த பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தட்டிய ‘தமிழ்’ என்ற சொல், எழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் தெரியும். கோப்பில் உண்மையில் இருப்பதும் அவ்வளவுதான். தமிழ் முழுவதும் எழுத்துருவில்தான் இருந்தது. டிடிபி சென்டர் ஒவ்வொன்றும் ஒரு எழுத்துருத் தொகுப்பைப் பயன்படுத்தியது. நாளிதழ்களும் வார இதழ்களும் இணையத்துக்கு வந்தபோது ஆளுக்கொரு எழுத்துருவோடு வந்தன.

இந்தக் கோப்புகளை மீட்பதில் முதல் வேலை பிளாப்பியைப் படிப்பது. 1.44 எம்.பி. கொள்ளும் அந்த மூன்றரை அங்குலத் தட்டு நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். கைக்கு வந்ததும் உலோக மூடியைத் தள்ளி, வட்டின் பரப்பை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பூஞ்சை தெரிந்தால் டிரைவில் போடவே கூடாது. வட்டு கீறிப்போவதோடு, ஒட்டிய அழுக்கு அடுத்துப் போடும் வட்டையும் கெடுக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெல்லத் துடைத்து, உலர விட்ட பிறகே உள்ளே போட வேண்டும். எழுதுவதைத் தடுக்கும் சிறு கட்டையை நகர்த்தித் துளை திறந்திருக்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு கோப்புகளை ஒவ்வொன்றாக நகலெடுக்காமல், வட்டு முழுவதையும் ஒரே பிம்பக் கோப்பாக எடுத்துவிடுவது என் வழக்கம். வட்டு எத்தனை முறை சுழலத் தாங்கும் என்று சொல்ல முடியாது. முதல் சுற்றிலேயே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

அடுத்தது, திறக்கும் மென்பொருள். அன்றைய தமிழ் அச்சு வேலையில் பெரும்பங்கு பேஜ்மேக்கரில் நடந்தது. அதன் கடைசிப் பதிப்பு 2001-இல் வெளியான ஏழாம் பதிப்பு. அதன் இடத்துக்கு வந்த இன்டிசைனின் பழைய பதிப்புகள் பேஜ்மேக்கர் 6, 7 கோப்புகளைத் திறக்கும். இன்றைய பதிப்புகள் திறப்பதில்லை. விண்டோஸ் 3.1 காலத்துத் தமிழ்ச் சொற்செயலிகளின் நிலை இன்னும் கடினம். அவை 16-பிட் நிரல்கள். 64-பிட் விண்டோஸ் அவற்றைத் தொடங்கக்கூட விடாது. அதனால்தான் இந்தப் பழைய கணினிகள் எமுலேட்டரில் தேவைப்படுகின்றன.

எமுலேட்டரிலும் பழைய இயங்குதளத்துக்கு ஏற்றபடி வீட்டை அமைத்துக் கொடுக்க வேண்டும். விண்டோஸ் 98-க்குக் குறைந்தபட்சத் தேவை 16 எம்.பி. நினைவகமும் 66 மெகாஹெர்ட்ஸ் 486 பிராசஸரும். நினைவகம் 512 எம்.பி.க்கு மேல் போனால் அதற்குத் திணறல் வரும். விண்டோஸ் 95 வேகம் மிகுந்த பிராசஸரில் தொடங்கும்போதே பிழை காட்டி நின்றுவிடும். 86பாக்ஸ் போன்ற எமுலேட்டர்கள் பழைய மதர்போர்டு, பயாஸ், கிராஃபிக்ஸ் கார்டு வரை அப்படியே பாவித்துக் காட்டுவதால் இந்த வேலைக்கு மிகப் பொருத்தம். இவ்வளவையும் பொறுமையாக அமைத்து, எழுத்துருவை நிறுவி, கோப்பைத் திறக்கும்போது குறிகளின் குப்பையாகக் கிடந்த பக்கம் தமிழாக எழுந்து நிற்கும். இந்தப் பொழுதுபோக்கில் நான் பெறும் மகிழ்ச்சியில் தலையாயது அதுதான்.

கடைசி வேலை யூனிகோடுக்கு மாற்றுவது. தானாக மாற்றும் கருவிகள் இருக்கின்றன, அவற்றைக் கண்மூடி நம்பக் கூடாது. பழைய எழுத்துருக்களில் தமிழ் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கப்பட்டது. ‘கொ’ என்றால் முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் க முதலில், உயிர்க்குறி அடுத்து. மாற்றும் கருவி இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். பெரிய சிக்கல் ஔகாரத்தில் இருக்கிறது. பல பழைய எழுத்துருக்களில் ஔகாரத்தின் இறுதிக் குறிக்கும் ளகரத்துக்கும் ஒரே வடிவம்தான். கருவி ‘கெளரவம்’ என்று ளகரம் போட்டு வைத்தால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ‘கௌரவம்’ என்று தேடுபவருக்கு அந்தப் பக்கம் கிடைக்காது. எதிர்ப்பக்கம் தவறினால் ‘வெளி’ என்ற சொல்லே உடைந்து, ஔகாரத்தின் மேல் இன்னொரு குறி தொங்கும். இணையத்தில் இன்றும் இத்தகைய சொற்கள் ஏராளம். ஆகவே மாற்றியபின் மனிதக் கண்ணால் ஒருமுறை மெய்ப்புப் பார்ப்பது கட்டாயம்.

இந்த வேலையில் இறங்கிய பிறகுதான் அன்றைய இணைய வாழ்வின் மீது எனக்கு மதிப்பு கூடியது. இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை விஎஸ்என்எல் தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15 அன்று. பிறகு ஊருக்கு ஊர் பிரவுசிங் சென்டர்கள் வந்தன. அங்கே ஒரு தமிழ்ப் பக்கத்தைப் படிக்க வேண்டுமென்றால், முதலில் அதன் எழுத்துருவை இறக்கி நிறுவி, பிரவுசரில் என்கோடிங்கை ‘யூசர் டிஃபைன்ட்’ என்று மாற்ற வேண்டும். படிப்பதற்கே இத்தனை பாடு. அப்படியும் மக்கள் எழுதினார்கள், படித்தார்கள். எழுத்துருவை வரைந்தவர்களில் பலர் அதை இலவசமாகக் கொடுத்து, எப்படி நிறுவுவது என்று பொறுமையாக விளக்கக் குறிப்பும் எழுதி வைத்தார்கள்.

எல்லோருக்கும் பொதுவாக ஓர் எழுத்துக் குறியீட்டு முறை வேண்டும் என்று பல நாட்டுத் தமிழர்கள் இணையத்திலேயே கூடி விவாதித்து டிஸ்கியை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் அறிவித்தது. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்த கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாட்டுத் தன்னார்வலர்களின் தட்டச்சால் தமிழ் இலக்கியங்களை மின்னுரையாக்கியது. அதன் பழைய கோப்புகள் டிஸ்கியில் இருந்தன. அவை பின்னர் யூனிகோடுக்கும் மாற்றப்பட்டதால் இன்று கைப்பேசியிலும் படிக்கிறோம். மாற்றுவதற்கு ஆள் இருந்த நூல்கள் தப்பின.

ஆளில்லாதவை போய்விட்டன. இலவச இணையப்பக்கச் சேவையான ஜியோசிட்டிஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டபோது, தனிமனிதர்கள் கைப்பட அமைத்த பக்கங்கள் எண்ணிலடங்காமல் மறைந்தன. ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் குழு அள்ள முடிந்த அளவுக்கு அள்ளியது. 2020-இல் யாகூ குழுமங்களும் மூடப்பட்டன. மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற தமிழ்க் குழுமங்கள் வளர்ந்தது அங்கேதான். இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் பழைய தமிழ்ப் பக்கங்கள் சில இன்றும் கிடைக்கின்றன. ஆனால் பக்கம் மட்டும் சேமிக்கப்பட்டு எழுத்துரு சேமிக்கப்படாமல் போயிருந்தால், இருந்தும் இல்லாத கதைதான்.

உங்கள் வீட்டிலோ, உங்கள் ஊர் அச்சகத்திலோ, சிற்றிதழ் நடத்திய நண்பரிடமோ பழைய பிளாப்பியும் சிடியும் கிடக்கக்கூடும். அவற்றைத் தூக்கி எறியாதீர்கள். நகலெடுக்கும்போது கோப்போடு அந்த எழுத்துருவையும் சேர்த்து எடுங்கள். எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்று ஒரு வரி எழுதி வையுங்கள். யூனிகோடுக்கு மாற்றினாலும் மூலக் கோப்பை அழிக்காதீர்கள், மாற்றியதில் பிழை இருந்தால் திரும்பிப் போக அது ஒன்றுதான் வழி. முடிந்தால் பக்கங்களைப் பிடிஎஃப் ஆகவும் எடுத்து வையுங்கள். அந்தக் காலத்தில் தட்டச்சு செய்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள், எந்த எழுத்துரு என்று கேட்டால் சொல்வார்கள். அவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.