மரம் நட்டவரும் படம் வரைந்தவரும்

தனியொருவரால் என்ன செய்ய இயலும் என்னும் ஐயம் நம் உள்ளத்தில் அடிக்கடி எழுவதுண்டு. அவ்வாறு எழும்போதெல்லாம் அரைமணி நேரமே ஓடும் ஓர் அசைவூட்டப் படம் என் நினைவிற்கு வரும். 'மரங்களை நட்ட மனிதர்' என்பது அதன் பெயர். கனடா நாட்டு ஓவியர் பிரெடெரிக் பாக் என்பார் 1987ஆம் ஆண்டில் அதனை உருவாக்கினார். மறு ஆண்டில் அது ஆஸ்கார் பரிசு பெற்றது.

அதன் கதை, பிரெஞ்சு எழுத்தாளர் ழான் ஜியோனோ எழுதியது. தென்பிரான்சின் மலைப்பகுதியில், மரமும் நீருமற்ற வறண்ட நிலத்தில், மனைவியையும் ஒரே மகனையும் இழந்த இடையர் ஒருவர் தனித்து வாழ்கிறார். இரவில் ஓக் மர விதைகளை ஆராய்ந்து, பழுதற்ற நூறு விதைகளைத் தேர்ந்தெடுக்கிறார். பகலில் இரும்புக் கோலால் குழியிட்டு அவற்றை ஊன்றுகிறார். மூன்றாண்டுகளில் ஊன்றியவை 1,00,000; முளைத்தவை 20,000. அவற்றிலும் பாதி அழியும் என்பதை அவர் அறிவார். ஆயினும் அவர் கை ஓயவில்லை. உலகப் போர்கள் இரண்டு வந்து போயின. அவர் பணி நிற்கவில்லை. காடு வளர்ந்தது, வற்றிய ஓடைகளில் நீர் பெருகியது, மக்கள் குடியேறினர். காட்டுக் காவலர் ஒருவரோ, தானாக வளர்ந்த காட்டிற்குத் தீங்கு நேராதவாறு வெளியில் தீ மூட்டலாகாது என்று அவரையே எச்சரித்துச் சென்றார்!

இத்தகைய மனிதர் உண்மையில் வாழ்ந்தாரா என்று நீங்கள் கேட்கலாம். அவர் கற்பனை மாந்தரே என்று ஜியோனோ 1957ஆம் ஆண்டில் தெளிவாகக் கூறிவிட்டார். எனினும், அப்படத்தை வரைந்த ஓவியரின் உழைப்பு கற்பனையன்று. திரையில் ஒரு கிளை அசைவதற்கும், சிறு சிறு மாறுதலுடன் பல ஓவியங்கள் வரைதல் வேண்டும். பனிமூடியன போன்ற மெல்லிய அசிடேட் தாள்களின்மேல் வண்ணப் பென்சில்களால் ஏறத்தாழ 20,000 ஓவியங்களைப் பாக் தீட்டினார். பகல் முழுதும் வரைந்தவை திரையில் சில நொடிகளே நிற்கும். அதனை அறிந்தும் அவர் மறுநாள் பென்சிலை எடுத்தார். கதையில் வரும் இடையரின் பொறுமையை, வாழ்ந்த மனிதர் ஒருவர் தம் கையால் மெய்ப்பித்தார் என்றே நான் கருதுகிறேன். அப்படத்தைக் கண்டு மரம் நட முற்பட்டோரும் பலர்.

மாணவர்களே! இன்று நீங்கள் செய்யும் சிறுபணி உடனே பயன் தராமற் போகலாம்; பிறர் கண்ணிற்படாமலும் போகலாம். அதன்பொருட்டு அதனைக் கைவிடாதீர்கள். நூறாவது விதையையும் முதல் விதையைப் போலவே கருத்துடன் ஊன்றுங்கள்.